சந்தை ஆராய்ச்சி உத்தியோகம்: நன்மையும் தீமையும்

(நமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



வயதிலும் அனுபவத்திலும் எம்மிலும் மூத்தோர் நிறைந்த இச்சபையில் ஓர் உத்தியோகத்தின் நன்மை தீமைகளை எடுத்துரைக்க முன்வந்தமை எமக்கே சற்றுத் துணிவான காரியமாகத் தோன்றுகிறது. எனினும், சென்ற கூட்டத்தின் முடிவிலே பெரியவர் ஒருவர் எம்மை அழைத்து, “தம்பி, லீவிலே ஏதோ கொம்பனி வேலைக்குப் போனீங்களாமே, வீடு வீடாகப் போய் என்ன சவர்க்காரம் பாவிக்கிறீங்க என்று கேட்கிறதெல்லாம் ஒரு வேலையா?” என்று வினவினார். அன்று சிரித்துவிட்டு நழுவினோம். வினாவோ எம்மை விடவில்லை. இன்று அதற்கு விடை கூற முயல்கின்றோம். பிழையிருப்பின் பொறுத்தருள்வீர்களாக.

சர்வகலாசாலை விடுமுறையில் நாம் மூவர் கொழும்பிலுள்ள சந்தை ஆராய்ச்சிக் கொம்பனி ஒன்றிற்கு ஆறு வாரம் களப்பணி செய்தோம். மூவரும் லயத்திலே பிறந்து, மிஷன் பாடசாலையிலே படித்தவர்கள். தமிழ் தாய்மொழி, சிங்களம் கடைத்தெருவிலும் பஸ்ஸிலும் பழகியது, ஆங்கிலம் பாடசாலை தந்தது. இம்மூன்று மொழிகளே எமக்கு அந்த வேலையை வாங்கித் தந்தன.

முதலில் இத்தொழில் யாது என்பதைச் சுருக்கமாகக் கூறுவோம். ஒரு பொருளைச் செய்பவன், அதை வாங்குபவன் என்ன நினைக்கிறான் என்பதை அறிய விரும்புகிறான். எல்லாரையும் கேட்பது இயலாது. ஆகவே சிலரைக் கேட்டுப் பலரை அறிய முயல்கிறான். நம் பாட்டிமார் ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று சொன்னதன்றோ இது! அமெரிக்காவில் 1911ஆம் ஆண்டு சார்ல்ஸ் கூலிட்ஜ் பார்லின் என்பவர் ஒரு பத்திரிகை நிறுவனத்துக்காக இத்தொழிலைத் தொடங்கினார். 1923இல் நீல்சன் என்பவர் சிக்காகோவில் தம் பெயரிலேயே ஒரு கொம்பனி அமைத்தார். பாரதத்தில் விக்ரம் சாராபாய் 1960இல் பரோடாவில் ஓர் ஆய்வு நிறுவனத்தைத் தோற்றுவித்தார். விண்வெளி ஆராய்ச்சியின் தந்தை என நாம் போற்றும் அதே சாராபாய்தான்! நம் நாட்டிலே 1981இல் லங்கா மார்க்கெட் ரிசர்ச் பியூரோ கொழும்பில் தொடங்கப்பட்டது. இன்று அதனோடு வேறு பல கொம்பனிகளும் இயங்குகின்றன.

ஆனால், ஒரு சோறு பதம் பார்ப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. மேலே கிடக்கும் சோற்றை மட்டும் பார்த்தால் அடியிலே கருகியது தெரியாது. 1936இல் அமெரிக்கச் சனாதிபதித் தேர்தலின்போது லிட்டரரி டைஜஸ்ட் என்னும் சஞ்சிகை ஏறக்குறைய ஒரு கோடிப் பேருக்குக் கடிதம் அனுப்பி, இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களைப் பெற்று, லாண்டன் வெல்வார் என்று முரசறைந்தது. ஜோர்ஜ் கலப் என்பவரோ அதனினும் மிகச் சிறிய தொகையினரைக் கேட்டு, ரூஸ்வெல்ட்டே வெல்வார் என்றார். ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ வென்றார். சஞ்சிகை கேட்டவர்களுட் பெரும்பாலோர் ரெலிபோனும் மோட்டார் காரும் உடையவர்கள். ஏழைகளின் வாசலுக்கு அது போகவில்லை. எத்தனை பேரைக் கேட்டோம் என்பதினும், எவரைக் கேளாமல் விட்டோம் என்பதே பெரிது என்பதற்கு இதுவே சான்று.

இனி, வேலை நடக்கும் விதத்தைச் சொல்வோம். கொழும்பிலே ஒரு தொடக்க இடத்தைக் குறித்துத் தருவார்கள். கோயிலோ, கடைச்சந்தியோ, பாலமோ அவ்விடமாக இருக்கும். அங்கிருந்து வலக்கைப் பக்கமாக நடந்து, இத்தனை வீட்டுக்கு ஒரு வீடு என்று தட்ட வேண்டும். நமக்குப் பிடித்த வீட்டுக்குப் போகலாகாது. வீட்டினுள்ளும் கதவைத் திறந்தவரையே கேட்டுவிட முடியாது. லெஸ்லி கிஷ் என்னும் அறிஞர் 1949இல் வகுத்த அட்டவணை ஒன்றுண்டு. வீட்டிலுள்ளோரை வயது வரிசையில் எழுதினால், எவரைக் கேட்க வேண்டும் என்பதை அது சொல்லிவிடும். அவர் மலையிலே கொழுந்து பறித்துக்கொண்டிருந்தால் மாலைவரை காத்திருக்க வேண்டியதுதான். இவ்விதிகள் பட்டணத்துத் தெருவுக்கு எழுதப்பட்டவை. ஒரே காம்பராவில் மூன்று தலைமுறை வாழும் லயத்தில், எது ஒரு வீடு, யார் ஒரு குடும்பம் என்று தீர்மானிக்கவே எமக்கு அரைமணி நேரம் சென்றதுண்டு.

இத்தொழிலின் நன்மைகளை முதலிற் கூறுவோம்.

முதலாவது, இது சிபாரிசு கேளாத தொழில். மந்திரியின் கடிதமும் வேண்டாம், முதலும் வேண்டாம். மூன்று மொழியும், நடக்கும் காலும், கேட்கும் காதும் போதும். தமிழ் தெரியாத ஒருவர் இம்மலைகளில் இவ்வேலையைச் செய்யவே இயலாது. நம் தாய்மொழியை ஒரு குறைபாடாக எண்ணி வந்தோர்க்கு, அதுவே தகுதியாக மதிக்கப்படும் இடம் கிடைப்பது சிறு காரியமன்று.

இரண்டாவது, இது ஒரு கல்வி. வகுப்பறையிலே புள்ளிவிபரவியல் எமக்குக் கசப்பு மருந்தாக இருந்தது. களத்திலோ, மாதிரி எடுத்தல் என்பதும் பிழை என்பதும் காலால் நடந்து கற்ற பாடங்களாயின. ஒரே கேள்வியை இரு விதமாகக் கேட்டால் இரு விடை வரும் என்பதை எந்தப் புத்தகமும் எமக்கு அவ்வளவு தெளிவாகக் காட்டவில்லை. அலுவலகத்திலே தொடர்ந்து பணியாற்றுவோர் கணினியில் தரவுகளை ஆராயவும், அறிக்கை எழுதவும், சபையிலே நின்று பேசவும் பழகுகின்றனர். கள உத்தியோகத்தர், மேற்பார்வையாளர், ஆய்வு உத்தியோகத்தர், முகாமையாளர் என ஏணிப்படியும் உண்டு. அவ்வேணியில் நின்று வங்கிகளுக்கும் பெரிய கொம்பனிகளுக்கும் தாவியோரும் உளர்.

மூன்றாவது நன்மையே எம் மனத்துக்கு மிக உகந்தது. எண்ணப்படாதவன் இல்லாதவனுக்கு ஒப்பு. அரசாங்கத்தின் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் நாடெங்கும் 25,000 வீடுகளைத் தெரிந்து வருமானமும் செலவும் கேட்டது. நகரத்திலே வறியோர் நூற்றுக்கு 6.0, நாட்டின் சராசரி 14.3, தோட்டப்புறத்திலோ 33.8. இந்த ஒரு தொகையை எத்தனை மேடைகளில், எத்தனை மனுக்களில் நம்மவர் எடுத்துக் காட்டியிருக்கின்றனர்! மழையிலும் அட்டைக்கடியிலும் லயம் ஏறி வந்து, ஒரு தாயின் வாசலில் அமர்ந்து, அவள் சொன்னதைச் சொன்னபடி எழுதிக்கொண்ட யாரோ ஒருவரின் உழைப்பல்லவா அது? சராசரியாகப் பார்த்தால் அங்கே ஒரு வீடு இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகளுக்காகப் பேசியது. கொம்பனிக்காகக் கேட்பவனும் அரசாங்கத்துக்காகக் கேட்பவனும் கற்கும் வித்தை ஒன்றே. இதைக் கற்றவன் நாளை நமக்காகவும் கேட்கலாம்.

இனித் தீமைகளுக்கு வருவோம். அவற்றை மறைத்துப் பேசுவது நண்பருக்குச் செய்யும் துரோகமாகும்.

முதலாவது, கூலி. களத்தில் நிற்போர் பலர் நிரந்தர உத்தியோகத்தர் அல்லர். முடித்த வினாக்கொத்து ஒன்றுக்கு இவ்வளவு என்றே எம் கணக்கு நடந்தது. இத்தனை கிலோ கொழுந்துக்கு இத்தனை என்று நம் தாய்மார் நிறுத்துப் போட்ட அதே தராசு, பட்டம் படிக்கும் பிள்ளையின் கையிலும் வந்து சேர்ந்தது! வீட்டுக்காரர் பாதியில் எழுந்து போனால் அந்த ஒரு மணி நேரத்துக்குக் கூலி இல்லை. ஊழியர் சேமலாப நிதி 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. தொழில்கொள்வோர் நூற்றுக்கு 12, தொழிலாளி நூற்றுக்கு 8 செலுத்த வேண்டும். எம்மை அமர்த்திய இடத்தில் அதைப் பற்றிய பேச்சே எழவில்லை. நாமும் கேட்கவில்லை. கேளாதது எம் பிழை.

இரண்டாவது, பாதுகாப்பு. மாலை மங்கிய பின்னரே மக்கள் வீடு திரும்புகின்றனர். கேட்பவரும் அப்போதுதான் போக வேண்டும். கடைசி பஸ் போனபின் தேயிலை மலைப் பாதையில் தனியே இறங்குவது ஆண்பிள்ளைக்கே துன்பம். பெண்பிள்ளைகளை இருவராக அனுப்பாத கொம்பனிக்கு அனுப்பலாகாது என்பது எம் துணிபு.

மூன்றாவது, கேள்வி நம்முடையதன்று. பணம் கொடுப்பவரே கேள்வியைத் தீர்மானிக்கிறார். எம் வினாக்கொத்தில் சவர்க்காரத்தின் வாசனை பற்றிப் பதினான்கு வினாக்கள் இருந்தன. அச்சவர்க்காரம் கரைய வேண்டிய தண்ணீர் லயத்துக்கு வருகிறதா என்று ஒரு வினாவும் இல்லை. முடிவில், குடும்பத்தின் படிப்பையும் தொழிலையும் பார்த்து ஏ முதல் ஈ வரை ஓர் எழுத்து இட வேண்டும். ஒரு லயம் முழுவதற்கும் ஈ, ஈ, ஈ என்று இட்டுக்கொண்டு போனோம். எம் தாய் தந்தையர் வீட்டுக்கு யாரேனும் வந்திருந்தால் இடும் எழுத்தும் அதுவே என்பதை அன்றிரவுதான் உணர்ந்தோம்.

நான்காவது தீமை எல்லாவற்றிலும் கொடியது. அது வெளியிலிருந்து வருவதன்று, நம்முள்ளிருந்து வருவது. அதை ஒரு நிகழ்ச்சியால் விளக்குவோம்.

பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் மேல் டிவிஷனில் ஒரு மாலை. மழை கொட்டிற்று. அன்றைக்கு முடிக்க வேண்டிய தொகையில் ஒன்று குறைந்தது. இன்றே முடித்து அனுப்ப வேண்டும் என்று மேற்பார்வையாளர் ரெலிபோனில் மும்முறை சொல்லிவிட்டார். ஒரு வீட்டில் பேரிளம் பெண்மணி ஒருவரிடம் முக்காற்பங்கு கேட்டு முடித்தோம். கடைசிப் பக்கம் பால்மாவைப் பற்றியது. அப்போது அவருடைய மகள் மலையிலிருந்து நனைந்து வந்தாள். அவர் அடுப்படிக்கு எழுந்து போனார். கீழே கடைசி பஸ்ஸின் விளக்குத் தெரிந்தது. நாம் கீழே ஓடினோம். பஸ்ஸில் இருந்தபடியே அந்தக் கடைசிப் பக்கத்தை நாமே நிரப்பினோம். வாரத்துக்கு எத்தனை பெக்கட்? இரண்டு. எந்த அளவு? சிறியது. நாமும் லயத்துப் பிள்ளைகளல்லவா, எமக்குத் தெரியாததா?

அன்றிரவு உறக்கம் வரவில்லை. மிஷன் பாடசாலையிலே எமக்குக் கணக்குச் சொல்லித்தந்த ஆசிரியர், “விடை தெரியாவிட்டால் இடத்தை வெறுமையாக விடு, வெறுமைக்கு ஒரு புள்ளிதான் குறையும், பொய்க்கு மனிதன் குறைவான்” என்பார். கோயிலிலே பெரியோர் சொன்னதும் அதுவே. விடிந்ததும் முதல் பஸ்ஸில் மறுபடியும் ஏறிப்போனோம். அந்த அம்மாள் எம்மைக் கண்டு வியந்து, “பால்மாவா? அது வாங்கி நாலு மாசம் ஆச்சு தம்பி. சாயத்தண்ணிதான். பேத்தி வந்தா மட்டும் ஒரு சின்ன பெக்கட் வாங்குவோம். இதைக் கேட்கவா மழையில ஏறி வந்தீங்க?” என்றார்.

அன்பர்களே, 2022ஆம் ஆண்டு நெருக்கடியிலே பால்மாவுக்காக நாடே வரிசையில் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். வரிசை மறைந்துவிட்டது, அந்த அடுப்பிலே பால் மட்டும் திரும்பி வரவில்லை. கொத்மலை என்ற நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய பால் இலங்கையெங்கும் விற்கின்றது. கொத்மலைப் பக்கத்து லயத்திலே சாயத்தண்ணி! நாம் எழுதிய பொய் விடை நின்றிருந்தால், தோட்டத்து வீடுகளில் வாரம் இரண்டு பெக்கட் பால்மா வாங்குகின்றார்கள் என்று கொழும்பிலே ஒரு திரையில் ஒளிர்ந்திருக்கும். அந்நியன் ஒருவன் எழுதியிருந்தால் அறியாமை என்போம். நம்மவர் நாமே எழுதினோம். நம் மக்களை நமக்குத் தெரியும் என்ற அகந்தை அல்லவா எமக்கு அந்தப் பேனாவைக் கொடுத்தது?

திருவள்ளுவர் ஒற்றாடல் என்று ஓர் அதிகாரம் வகுத்தார். ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை வேறோர் ஒற்றனைக்கொண்டு ஒப்புநோக்க வேண்டும் என்பது அவர் அரசனுக்குக் கூறிய அறிவுரை. பாரதத்தின் புள்ளிவிபர மேதை மகலனோபிஸ், வங்காளத்துச் சணற்பயிரை அளந்தபோது, ஒரே பகுதிக்குத் தனித்தனி இரு குழுக்களை அனுப்பி இரண்டையும் ஒப்பிட்டார். இக்காலக் கொம்பனிகளும் சில வீடுகளுக்கு மறுபடியும் ஆளனுப்பியோ ரெலிபோனிலோ சரிபார்க்கின்றன; கையிலுள்ள டெப் கருவி நாம் நின்ற இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொள்கிறது. எல்லாம் நல்லதே. ஆயினும், எல்லா வாசலுக்கும் காவல் வைக்க முடியாது. யாரும் பாராத வாசலில் எழுதுபவனின் மனச்சாட்சியே காவல்.

இன்னொரு வாசலையும் குறிப்பிட்டே ஆக வேண்டும். ஒரு பாட்டி எம் கையிலிருந்த தாளைக் கண்டதும் கதவைச் சாத்தப் போனார். “பேரு எழுதவா வந்தீங்க? எங்கப்பா ஒரு பாரத்தில கைநாட்டு வெச்சாரு. அதுக்கப்புறம் எங்க அக்காவைத் தலைமன்னார்ல கப்பலேத்தி விட்டுட்டு வந்தோம். மறுபடி பார்க்கலை” என்றார். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தையும், 1964இல் சிறிமாவோ, சாஸ்திரி செய்த ஒப்பந்தத்தையும் நாம் சரித்திர பாடமாகப் படித்தோம். அவ்வொப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும், 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பங்கிட்டது. பாட்டிக்கோ அது ஓர் அக்காள். எஞ்சியோரின் நாடற்ற நிலை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு நீங்கியது. தாளையும் பேனாவையும் கண்டால் வரும் நடுக்கம் நீங்கவில்லை. அந்த நடுக்கத்தை அறியாதவன் நம் லயங்களில் கேள்வி கேட்கத் தகுதியற்றவன்.

பாட்டி கடைசியில் பேசினார்; எல்லாவற்றுக்கும் விடை சொன்னார். பின், “இதெல்லாம் கேட்டுட்டுப் போய் என்ன செய்வீங்க?” என்றார். எம்மிடம் விடை இல்லை. கேட்டது கொழும்புக்குப் போகும். பாட்டிக்கு ஒன்றும் திரும்பி வராது. நம் கொத்மலையிலேயே இதற்கு மாறான ஒரு முன்மாதிரி உண்டு. 1989இல் மகாவலித் திட்டத்தின் கீழ் தொடங்கிய கொத்மலைச் சமுதாய வானொலியில், 1990களின் இறுதியில் யுனெஸ்கோவின் துணையோடு இணைய வசதி வந்தது. கேட்போர் தம் ஐயங்களை அனுப்பினர். அறிவிப்பாளர்கள் இணையத்தில் விடை தேடி வானொலியிலே கூறினர். அங்கே கேள்வி மக்களுடையது. விடையும் மக்களிடமே திரும்பியது. உலகத்து அறிஞர்கள் அதைக் காணக் கொத்மலைக்கு வந்தனர்.

ஆகவே, எம் முடிபு இதுதான். சந்தை ஆராய்ச்சி இழிதொழிலும் அன்று. வாழ்நாள் முழுவதும் சார்ந்திருக்கத்தக்க பெருந்தொழில் என்று கள உத்தியோகத்தர் எல்லாருக்கும் சொல்லவும் இயலாது. கற்றுக்கொள்வதற்கு ஓரிரு ஆண்டு செலவிடத் தகுந்தது. ஏணியில் ஏற வழி கிடைத்தால் நிற்கலாம். ஆனால் கேட்பது என்பது ஒருவரை மதிப்பது. கேளாமல் எழுதுவது அவர் வாயைப் பொத்துவது. இதை மறந்தவனுக்கு அத்தொழிலில் வரும் சம்பாத்தியம் வேண்டாம்.

இளைஞர்களுக்கு மூன்று சொல். நியமனக் கடிதமும் சேமலாப நிதியும் வழிச்செலவும் உண்டா என்று முதல் நாளே கேளுங்கள். கேட்டவரின் பெயரை வெளியிடாதீர்கள். அவ்விதி இத்தொழிலின் சர்வதேச ஒழுக்கக்கோவையில் உண்டு, நம் நாட்டிலும் 2022இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியுள்ளது. கேளாததை எழுதாதீர்கள்.

பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம். எவரேனும் வந்து கேட்டால் அடையாள அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். பேச மறுக்க உங்களுக்கு உரிமையுண்டு. பேசினால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். கௌரவத்துக்காகப் பால் என்று சொல்லாதீர்கள். சாயத்தண்ணியானால் சாயத்தண்ணி என்றே சொல்லுங்கள். நாம் சொல்லாவிடில் நமக்காக வேறொருவர் சொல்லிவிடுவார்.

நமது சங்கத்துக்கும் ஒன்று சொல்லி அமர்கின்றோம். சாதாரண தரப் பரீட்சைக்குப்பின் படிப்பை நிறுத்திய பிள்ளைகள் நம் தோட்டங்களில் எத்தனை பேர், ஏன் நிறுத்தினர் என்று நாமே வாசல் வாசலாகச் சென்று கேட்போம். வினாக்களை எழுதவும், வலக்கைப் பக்கமாக நடக்கவும் நாம் மூவரும் ஆயத்தம். கிடைத்த விடையை இதே மண்டபத்தில், அவ்வீட்டாரையே முன்வரிசையில் இருத்தி, வாசித்துக் காட்டுவோம். அந்தப் பாட்டி கேட்ட கேள்விக்கு அன்றைக்காவது நம்மிடம் ஒரு விடை இருக்கட்டும்.